அலுவலக மின்னஞ்சல் சர்வரும் ஊழியர்களின் கைபேசிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் வைத்து நடத்தும் சிறு, நடுத்தர நிறுவனங்களில் அதைப் பராமரிப்பவர் பெரும்பாலும் ஒருவர்தான், மிஞ்சினால் இருவர். அப்படிப்பட்டவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களின் தொகுப்பு இது. லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் என்ற இரண்டு அஞ்சல் நிரல்கள் ஓடும் சர்வரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மைக்ரோசாஃப்ட்டின் அஞ்சல் சர்வரான எக்ஸ்சேஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பொருந்துவதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

படிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். கைபேசியில் அஞ்சல் வரவில்லை என்று யார் வந்து நின்றாலும், கணக்கை அழித்துவிட்டு மறுபடி சேர்ப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சர்வரின் லாகை, அதாவது நடப்பதையெல்லாம் அது எழுதிவைக்கும் பதிவேட்டை, திறந்து பாருங்கள். அந்தக் கைபேசி சர்வர்வரை வந்ததா, வந்து திருப்பி அனுப்பப்பட்டதா, வரவே இல்லையா என்பது அங்கே எழுதியிருக்கும். கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அந்த மூன்றில் எது என்று தெரிந்த பிறகுதான் பயன்படும்.

சர்வர் ஒன்றுதானே இருக்கிறது? கைபேசி ஏன் வாங்குவதற்கு ஒரு முகவரி, அனுப்புவதற்கு ஒரு முகவரி என்று இரண்டு கேட்கிறது?

இயந்திரம் ஒன்று, அதில் ஓடும் நிரல்கள் இரண்டு. அஞ்சலை அனுப்புவதும் வெளியிலிருந்து ஏற்பதும் போஸ்ட்ஃபிக்ஸ். வந்த அஞ்சலைப் பெட்டியில் வைத்திருந்து கேட்பவருக்குக் காட்டுவது டவ்காட். கைபேசி டவ்காட்டிடம் 993 என்ற எண்ணுள்ள போர்ட்டில், அதாவது சர்வரின் ஒரு வாசலில், பேசும். அனுப்பும்போது போஸ்ட்ஃபிக்ஸிடம் 465 அல்லது 587 போர்ட்டில் பேசும். 465-இல் தொடக்கம் முதலே மறையாக்கம் இருப்பதால் 2018இல் வந்த இணையத் தரநிலை ஆவணம் அதையே பரிந்துரைக்கிறது. நானும் அதையே சொல்வேன்.

25ஆம் போர்ட் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கானது. கைபேசியில் அதைப் போடவே கூடாது. பல இணைய நிறுவனங்கள் அதை அடைத்தே வைத்திருக்கின்றன. “அஞ்சல் வருகிறது, அனுப்பத்தான் முடியவில்லை” என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் அங்கே 25 இருக்கும், அல்லது அனுப்பும் பகுதியில் கடவுச்சொல் கட்டம் காலியாக இருக்கும்.

பாப்3 போடுவதா, ஐமேப் போடுவதா? கைபேசியில் பார்த்த அஞ்சல் மேசைக் கணினியில் காணாமல் போகிறது.

ஐமேப். இரண்டும் சர்வரிலிருந்து அஞ்சலை வாங்கும் முறைகள். பாப்3 என்பது நூலகத்திலிருந்து புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வது மாதிரி. ஐமேப், அங்கேயே உட்கார்ந்து படிப்பது. ஏதோ ஒரு கருவியில் பாப்3 இருந்து, “சர்வரில் நகல் வைத்திரு” என்ற விருப்பம் அணைந்திருந்தால் மற்றக் கருவிகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒருவர் இரண்டு கருவிகளில் அஞ்சல் பார்க்கும் அலுவலகத்தில் பாப்3-ஐ சர்வரிலேயே மூடிவிடுங்கள். ஒவ்வொரு கைபேசியாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆனால் ஐமேப்பில் கைபேசியில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். குழந்தை கையில் கைபேசி கிடைத்து ஒரு கோப்புறை காலியான சம்பவங்களை நிறையவே கேட்டிருக்கிறேன். ஆகவே தினசரி காப்புநகல் கட்டாயம். இரண்டு டிஸ்க்குகளை ரெய்டில் போட்டிருப்பது காப்புநகல் ஆகாது. ஒன்றில் அழிவது அதே நொடியில் மற்றதிலும் அழியும்.

ஐமேப் ஒழுங்காக இருக்கிறது. ஆனால் காலண்டரும் தொடர்பு எண்களும் கைபேசிக்கு வரவில்லையே?

ஐமேப் அஞ்சலை மட்டுமே சுமக்கும். காலண்டருக்குக் கால்டாவ், தொடர்பு எண்களுக்குக் கார்டாவ் என்று தனித்தனி நெறிமுறைகள் உண்டு. ஐஃபோனில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் டாவ்எக்ஸ்5 போன்ற செயலி ஒன்று வேண்டும். மூன்றையும் ஒரே கணக்கில், 443 என்ற ஒரே போர்ட்டில் தருவது ஆக்டிவ்சிங்க். அது எக்ஸ்சேஞ்சில் பிறந்தது. போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் வைத்திருப்பவர்கள் சோகோ (SOGo) அல்லது இசட்-புஷ் என்ற மென்பொருளை நிறுவி அதைத் தரலாம்.

ஆண்ட்ராய்டில் அஞ்சல் உடனே வருகிறது. முதலாளியின் ஐஃபோனில் கால் மணி நேரம் கழித்து வருகிறது. சர்வரில் என்ன மாற்ற வேண்டும்?

சர்வரில் குறையில்லை. ஐமேப்பில் ‘ஐடில்’ என்றொரு வசதி உண்டு: இணைப்பைத் திறந்தே வைத்திருந்தால் புதிய அஞ்சல் வந்ததும் சர்வரே சொல்லிவிடும். ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்ட் போன்ற செயலிகள் இதைப் பயன்படுத்துகின்றன. ஐஃபோனுடன் வரும் மெயில் செயலி சாதாரண ஐமேப் சர்வரிடம் இதைப் பயன்படுத்துவதில்லை. குறித்த இடைவெளியில் தானே போய்க் கேட்கும். அமைப்பில் கிடைக்கும் மிகக் குறைந்த கால அட்டவணை 15 நிமிடம். முதலாளிக்கு உடனுக்குடன் வேண்டுமென்றால் முந்தைய பதிலில் சொன்ன ஆக்டிவ்சிங்க்தான் வழி.

ஆக்டிவ்சிங்க் வைத்த பிறகு ஃபயர்வாலையும் கவனியுங்கள். கைபேசி ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை பல நிமிடங்கள் அந்த இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். சும்மா கிடக்கும் இணைப்பு என்று ஃபயர்வால் ஐந்து நிமிடத்தில் அதை வெட்டினால், கைபேசி மறுபடி மறுபடி புதிதாக இணையும். அஞ்சல் தாமதமாகும், பேட்டரி மதியத்துக்குள் தீரும். அந்தக் காலவரம்பை 30 நிமிடமாக, அதாவது 1,800 நொடியாக, உயர்த்துங்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் அளவு இதுதான்.

ஆண்ட்ராய்டிலும் சிலருக்கு அஞ்சல் தாமதிக்கும். அவர்களது கைபேசியின் பேட்டரிச் சேமிப்பு, அஞ்சல் செயலியைப் பின்னணியில் ஓடவிடாமல் நிறுத்தியிருக்கும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதும்.

“சான்றிதழை நம்ப முடியவில்லை” என்று கைபேசி சொல்கிறது. “தொடரவும்” என்பதை அழுத்தச் சொல்லிவிடலாமா?

கூடாது. பேசுவது உங்கள் சர்வர்தான் என்பதற்கு அடையாளமே அந்தச் சான்றிதழ். ஒரு முறை அழுத்திப் பழகியவர், நாளை ஒரு காப்பிக்கடை வைஃபையில் யாரோ நடுவில் புகுந்து போலிச் சான்றிதழ் காட்டும்போதும் அழுத்துவார். கடவுச்சொல் அந்த நொடியே போய்விடும்.

காரணங்கள் நான்கைந்துதான். கைபேசியில் போட்ட சர்வர் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் வேறாக இருக்கலாம். பெயருக்குப் பதில் ஐபி எண்ணைப் போட்டவர்களுக்கு இது நிச்சயம் வரும். கைபேசியின் தேதி தவறாக இருக்கலாம். சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பினுடையது என்றால், கைபேசி அதை நம்புவதற்கு அடிப்படையான மூலச் சான்றிதழே 7.1.1-க்கு முந்தைய ஆண்ட்ராய்டில் இருக்காது. கணினியில் சரி, ஆண்ட்ராய்டில் மட்டும் பிழை என்றால் சர்வரின் சான்றிதழை மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் விட்டுப்போயிருக்கிறது என்று கொள்ளுங்கள். விண்டோஸ் அதைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும், ஆண்ட்ராய்டு தேடாது. சர்வரில் தனிச் சான்றிதழுக்குப் பதில் முழுச் சங்கிலியும் அடங்கிய கோப்பைக் காட்டினால் தீர்ந்தது.

எல்லோரையும் குழப்புவது இன்னொன்று. லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் 90 நாட்களுக்குத்தான் செல்லும் என்பதால் தானியங்கிப் புதுப்பிப்பு போட்டிருப்பீர்கள். டிஸ்க்கில் புதிய கோப்பு இருக்கும், தேதியும் சரியாக இருக்கும்; ஆனாலும் எல்லாக் கைபேசிகளும் “காலாவதி” என்று சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் டவ்காட் பழைய சான்றிதழை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதையே காட்டுவதுதான் காரணம். புதுப்பிப்பு முடிந்ததும் டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோட் செய்யும் கட்டளையை அந்தத் தானியங்கி வேலையிலேயே சேர்த்துவிடுங்கள். சோதிக்கும்போது கோப்பைப் பார்க்காதீர்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் 993 போர்ட்டுடன் இணைந்து, சர்வர் உண்மையில் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்.

அலுவலக வைஃபையில் வேலை செய்கிறது, வெளியே போனால் செய்வதில்லை. சிலருக்கு நேர்மாறாகவும் நடக்கிறது. ஏன்?

சர்வரின் பெயர் உள்ளே ஒரு ஐபிக்கும் வெளியே இன்னொரு ஐபிக்கும் போக வேண்டும். உள்ளே மட்டும் வேலை செய்தால், வெளி டிஎன்எஸ்ஸில், அதாவது பெயருக்கு ஐபி சொல்லும் பட்டியலில், அந்தப் பெயர் இல்லை, அல்லது ஃபயர்வாலில் போர்ட் திறக்கப்படவில்லை. வெளியே மட்டும் வேலை செய்தால், உள்ளிருக்கும் கைபேசி பொது ஐபியைத் தேடி ரௌட்டர்வரை போகிறது. அதை மறுபடி உள்ளே திருப்பிவிட ரௌட்டருக்குத் தெரியவில்லை. அலுவலக டிஎன்எஸ்ஸில் அதே பெயருக்கு உள் ஐபியைப் பதிவு செய்தால் சரியாகும். உள்ளே ஒரு பெயர், வெளியே ஒரு பெயர் என்று மட்டும் வைக்காதீர்கள். கைபேசி நாளுக்கு நாலு முறை உள்ளும் வெளியும் போகும். சான்றிதழ்ப் பெயரும் இடிக்கும்.

கடவுச்சொல்லை மாற்றிய மறுநாளே கணக்கு பூட்டிக்கொள்கிறது. திறந்துவிட்டாலும் மறுபடி பூட்டிக்கொள்கிறது. யாராவது ஹேக் செய்கிறார்களா?

முதலில் வீட்டைச் சந்தேகியுங்கள். பழைய டேப்லெட், மேசை இழுப்பறையில் கிடக்கும் முந்தைய கைபேசி, மனைவியின் மடிக்கணினி, இவற்றில் ஏதோ ஒன்று பழைய கடவுச்சொல்லோடு சில நிமிடங்களுக்கு ஒரு முறை கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். டவ்காட் லாகில் தோல்வியுற்ற ஒவ்வொரு முயற்சிக்கும் நேரம், பயனர் பெயர், எந்த ஐபியிலிருந்து என்பது ஒரே வரியில் பதிவாகும். ஒரே ஐபி, சீரான இடைவெளி என்றால் மறந்துபோன கருவி. பல நாட்டு ஐபிகள், ‘அட்மின்’, ‘இன்ஃபோ’ என்று வாய்க்கு வந்த பெயர்கள் என்றால் வெளித் தாக்குதல்.

நிரந்தரத் தீர்வாக ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். டவ்காட்டில் இதைச் செய்ய முடியும். கைபேசி தொலைந்தால் அதற்கானதை மட்டும் நீக்கலாம், மற்றவை தொடரும்.

திடீரென்று அலுவலகத்தில் ஒருவருக்கும் அஞ்சல் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கு மட்டும் வருகிறது. சர்வரும் நன்றாக ஓடுகிறது.

சர்வர் வெளியே ஒரு தரவு மையத்தில் இருந்து, அதில், தோல்வியுற்ற முயற்சிகள் திரும்பத் திரும்ப வரும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஓடுகிறது என்றால் விடை முந்தைய கேள்வியிலேயே இருக்கிறது. அலுவலகம் முழுவதும் வெளி உலகுக்கு ஒரே ஐபியாகத்தான் தெரியும். ஒருவருடைய கைபேசி பழைய கடவுச்சொல்லால் திரும்பத் திரும்பத் தட்டியதும், அந்த ஐபியையே தாக்குபவராகக் கருதி ஃபெயில்2பேன் தடை செய்துவிட்டது. தடையை நீக்குங்கள், அலுவலக ஐபியை விலக்குப் பட்டியலில் சேருங்கள், பிறகு அந்தக் கைபேசியைத் தேடுங்கள். மூன்றாவதைச் செய்யாமல் விட்டால் அடுத்து அந்த ஒருவரின் கணக்காவது பூட்டும்.

எல்லோருக்கும் இல்லாமல் ஒரே ஒருவருக்கு மட்டும், அதுவும் அலுவலகத்தில் இருக்கும்போது மட்டும் தடங்கல் என்றால் வேறு காரணம். ஒரே ஐபியிலிருந்து ஒரு பயனருக்கு 10 இணைப்புகள்தான் என்பது டவ்காட்டின் இயல்பான வரம்பு. மடிக்கணினியும் கைபேசியும் டேப்லெட்டும் கோப்புறைக்கு ஓர் இணைப்பு என்று திறந்தால் பத்து சீக்கிரம் தீரும். அதை இரட்டிப்பாக்கினால் பாதகமில்லை.

நாங்கள் அனுப்பும் அஞ்சல் ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போகிறது. கைபேசியிலிருந்து அனுப்பினால்தான் இப்படி.

அந்தக் கைபேசியில் அனுப்பும் சர்வர் எது என்று பாருங்கள். கம்பெனி முகவரியை வைத்துக்கொண்டு, அனுப்புவதற்குத் தன் சொந்த ஜிமெயில் சர்வரைக் கொடுத்திருப்பார். அப்படிப் போகும் அஞ்சலில், கம்பெனி சர்வர் இடும் டிகிம் என்ற மின் கையொப்பம் இருக்காது; கம்பெனி பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பட்டியலும் பொருந்தாது. இரண்டும் பொருந்தாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும் உங்கள் டிமார்க் பதிவின்படி அது போலி அஞ்சல். நீங்கள் கேட்டதைத்தான் கூகுள் செய்கிறது.

எல்லா இடத்திலிருந்தும் இப்படித்தான் என்றால் அடிப்படையைச் சரிபாருங்கள். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எவருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இருக்க வேண்டும். நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு இரண்டோடு டிமார்க்கும் வேண்டும். அளவு சிறிதானாலும் மூன்றையும் வையுங்கள். ஐபியிலிருந்து பெயரைத் தேடினால் சர்வரின் பெயரே வர வேண்டும். அந்த பிடிஆர் பதிவை இணையச் சேவை நிறுவனம்தான் போட்டுத் தரும், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செய்திமடல் சேவை, கணக்கு மென்பொருள் என்று எஸ்பிஎஃப் பதிவில் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டினால் பதிவு முழுவதுமே செல்லாததாகிவிடும்.

சர்வரில் 25 எம்பி வரம்பு வைத்தும் 20 எம்பி கோப்பு திரும்பி வருகிறதே?

அஞ்சலோடு இணைத்த கோப்பு எழுத்து வடிவத்துக்கு மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 20 எம்பி, 27-ஐத் தொடும். போஸ்ட்ஃபிக்ஸை மாற்றாமல் விட்டால் அதன் வரம்பு சுமார் 10 எம்பிதான். அதாவது ஏழெட்டு எம்பி கோப்புதான் போகும். வரம்பை உயர்த்தினாலும் எதிர்ப்பக்கத்து சர்வர் ஏற்க வேண்டும். பெரிய கோப்புக்குப் பதிவிறக்க இணைப்பு அனுப்பச் சொல்லுங்கள்.

ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். அல்லது கைபேசியைத் தொலைத்துவிட்டார். அதிலிருக்கும் அலுவலக அஞ்சலை அழிக்க முடியுமா?

ஐமேப்பில் முடியாது. கடவுச்சொல்லை மாற்றலாம், ஏற்கெனவே இறங்கியது கைபேசியிலேயே இருக்கும். மாற்றிய கையோடு, திறந்திருக்கும் இணைப்புகளையும் டவ்காட்டின் ‘கிக்’ கட்டளையால் வெட்டுங்கள். கடவுச்சொல் இணையும்போது மட்டுமே கேட்கப்படும். திறந்திருக்கும் இணைப்பு அது பாட்டுக்கு ஓடும்.

ஆக்டிவ்சிங்கில் தொலைவிலிருந்து அழிக்கும் கட்டளை உண்டு. இங்கே வரிசை முக்கியம். பதற்றத்தில் முதலில் கணக்கை முடக்கிவிடுகிறார்கள். கணக்கு முடங்கினால் கைபேசி சர்வருக்குள் வர முடியாது. அழிக்கும் கட்டளை அதைச் சேரவே சேராது. முதலில் கட்டளையைக் கொடுத்து, கைபேசி ஏற்றுக்கொண்டது என்ற உறுதிச் செய்தி வந்த பிறகு முடக்குங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழைய வகைக் கட்டளை கைபேசி முழுவதையும் அழிக்கும்: குடும்பப் படங்கள், வங்கிச் செயலிகள், எல்லாவற்றையும். கைபேசி ஊழியரின் சொந்தப் பணத்தில் வாங்கியது. ஆக்டிவ்சிங்க் 16.1 பதிப்பிலிருந்து அலுவலகக் கணக்கை மட்டும் அழிக்கும் வசதி வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அதை ஏற்குமானால் அதையே பயன்படுத்துங்கள். எதுவானாலும், கணக்கைச் சேர்க்கும் நாளிலேயே “இப்படி ஓர் அதிகாரம் அலுவலகத்துக்கு இருக்கிறது” என்று ஊழியரிடம் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சொல்லாமல் ஒருவருடைய படங்களை அழிப்பது அநியாயம்.

எல்லோருடைய கைபேசியிலும் எக்ஸ்சேஞ்ச் கணக்கு சேர்கிறது. நிர்வாகியான என்னுடையதில் மட்டும் மறுக்கிறது. கடவுச்சொல் சரிதான்.

நிர்வாகி என்பதாலேயே மறுக்கிறது. ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது மைக்ரோசாஃப்ட் சர்வர்களின் பயனர் பட்டியலில், டொமைன் அட்மின் போன்ற நிர்வாகக் குழுக்களில் உள்ள கணக்குகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. மேலிருந்து இறங்கும் அனுமதிகள் அவற்றுக்கு வராது. புதிய கைபேசியை உங்கள் கணக்கின் கீழ்ப் பதிவு செய்ய எக்ஸ்சேஞ்சுக்கு அந்த அனுமதி தேவை. அனுமதி மரபுரிமையை நீங்கள் கையால் திறந்துவிட்டாலும், 60 நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் வேலை அதை மூடிவிடும். அந்த இடைவெளியில் கைபேசி சேர்ந்துவிடக்கூடும். ஆனால் அடுத்த கைபேசி வாங்கும்போது அதே கதைதான்.

சரியான வழி, நிர்வாக வேலைக்கு ஒரு கணக்கு, அன்றாட அஞ்சலுக்கு வேறு கணக்கு. டொமைன் முழுவதையும் திறக்கும் கடவுச்சொல் ஒரு கைபேசியில் உட்கார்ந்திருக்கவே கூடாது.

ஊழியர் கோயம்புத்தூரில் இருக்கிறார். லாகில் அவர் பெயரில் வெளிநாட்டு ஐபி தெரிகிறது. கணக்கு பறிபோய்விட்டதா?

அவர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சொந்த எக்ஸ்சேஞ்ச் சர்வரின் கணக்கை அவுட்லுக் கைபேசிச் செயலியில் சேர்த்தால், உங்கள் சர்வருடன் பேசுவது கைபேசி அல்ல. இடையில் இருக்கும் மைக்ரோசாஃப்ட் கிளவுட். ஆகவே லாகில் மைக்ரோசாஃப்ட்டின் ஐபிதான் பதிவாகும். ஐபி யாருடையது என்று ஹூஇஸ் தேடலில் பார்த்தால் தெரிந்துவிடும். அஞ்சல் மூன்றாமவர் கையில் தங்கக் கூடாது என்பது உங்கள் நிறுவனத்தின் கொள்கையானால், அந்தச் செயலியை அனுமதிக்காதீர்கள்.

ஐபி வேறு யாருடையதோ என்றால் உடனே கடவுச்சொல்லை மாற்றி, இணைப்புகளை வெட்டுங்கள். இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, பட்டியலிடப்பட்ட வகைச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாகுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். வாராவாரம் லாகை அழிக்கும்படி விட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் 2019 நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படியே விடலாமா?

கூடாது. 2016, 2019 இரண்டுக்கும் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2021 மார்ச்சில் வெளிவந்த ப்ராக்ஸிலாகன் ஓட்டை வழியாக, கடவுச்சொல்லே இல்லாமல் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களுக்குள் புகுந்தார்கள், நுழைவாயில் 443. கைபேசிகளுக்காக நாம் உலகத்துக்குத் திறந்து வைப்பதும் அதே 443தான். எக்ஸ்சேஞ்சின் சந்தாப் பதிப்புக்கு மாறுங்கள், அல்லது வேறு சர்வருக்கு.

புதிய சர்வருக்கு மாறப் போகிறோம். எந்தக் கைபேசியையும் தொடாமல் மாற முடியுமா?

முடியும், பெயரை மாற்றாமல் இருந்தால். குறைந்தது ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் பதிவின் ஆயுளை, அதாவது மற்றவர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் காலத்தை, 300 நொடியாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் பாதிக் கைபேசிகள் மறுநாள்வரை பழைய ஐபிக்கே போகும். அதன் பிறகும் சில நாட்களுக்குப் பழைய டவ்காட், வருகிறவர்களைப் புதியதற்குக் கடத்திவிடும்படி ப்ராக்ஸியாக ஓடட்டும். மாறும் வேளையில் சர்வர் ஒரு மணி நேரம் நின்றாலும் வெளியிலிருந்து வரும் அஞ்சல் தொலையாது. அனுப்பும் சர்வர்கள் காத்திருந்து மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக ஐந்து நாட்கள்வரை முயலும்.

அஞ்சல் பெட்டியை எப்படிப் பெயர்க்கிறீர்கள் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. கைபேசி அதை வைத்துத்தான் எதை ஏற்கெனவே இறக்கியது என்று நினைவில் வைக்கிறது. ஐமேப்சிங்க் கருவியால் நகலெடுத்தால் எண்கள் புதிதாகிவிடும். அடுத்த நாள் காலையில் எல்லாக் கைபேசிகளும் பெட்டி முழுவதையும் மறுபடி இறக்கும். மொபைல் டேட்டா தீரும், சர்வரும் திணறும். பழையதும் புதியதும் டவ்காட் என்றால், அஞ்சல் கோப்புறைகளை அப்படியே நகலெடுங்கள். ஒவ்வொரு கோப்புறையிலும் உள்ள அடையாள எண் பட்டியல் கோப்பையும் சேர்த்து எடுங்கள். அல்லது டவ்காட்டுடன் வரும் டிசிங்க் கருவியைப் பயன்படுத்துங்கள். அது எண்களை மாற்றாது. முதலில் உங்கள் ஒருவரின் பெட்டியை மட்டும் நகர்த்தி, உங்கள் கைபேசி எதையும் மறுபடி இறக்காமல் தொடர்கிறதா என்று பார்த்த பிறகு மற்றவர்களுடையதில் கை வையுங்கள்.